மேஜை ரம்பம் வாங்குவோர் குனிந்து பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

மரவேலைப் பட்டறை தொடங்குவோர் வாங்க வேண்டிய இயந்திரங்கள் பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் வந்த குறிப்புகளைப் படித்தோம். கடன், மானியம் பற்றிய பகுதி பயனுள்ளது. மேஜை ரம்பம் பற்றிய பகுதிதான் உறுத்துகிறது. மோட்டாரின் குதிரைசக்தி, மேஜையின் அளவு, விலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாங்கினால் போதும் என்று அதில் இருக்கிறது. இந்த மூன்றும் திருப்தியாக இருந்தும் விரலை எடுத்துவிடக்கூடிய ரம்பங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடைக்காரர் காட்டுவது மேஜைக்கு மேலே இருப்பதை. ரம்பத்தின் தரம் தெரிவது மேஜைக்கு அடியிலும் பிளேடுக்குப் பின்னாலும். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஜை ரம்பத்தில் கனமான வகை கேபினட் சா. அது அலமாரி செய்வதற்கான ரம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பவர்களே சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அடிப்பகுதி நாலா பக்கமும் மூடிய இரும்புப் பெட்டியாக இருப்பதால் வந்த பெயர் அது. 1939இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் கொண்டுவந்த யூனிசா இந்த வகைக்கு முன்னோடி. பிளேடு மாட்டும் அச்சையும், அதை ஏற்றி இறக்கிச் சாய்க்கும் பல்சக்கரங்களையும் தாங்கி நிற்கும் கனத்த வார்ப்புக்கு டிரனியன் என்று பெயர். விலை குறைந்த ரம்பங்களில் இந்த டிரனியன் மேஜைத் தகட்டின் அடியில் போல்ட் போட்டுத் தொங்கும். கேபினட் சாவில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். பிளேடைச் சரிபார்க்கும் நாளில்தான் தொங்குவதற்கும் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் உறைக்கும். கேபினட் சாவில் மேஜையைப் பெட்டியோடு பிணைக்கும் நான்கு போல்ட்டில் மூன்றைத் தளர்த்திவிட்டு, மேஜையை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் நேராகிவிடும். தொங்கும் அமைப்பில், ஒன்றை இறுக்கினால் இன்னொன்று நகரும் போல்ட்டுகளோடு மேஜைக்கு அடியில் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே வேலை. எடையைக் கேட்டாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். 10 அங்குல கேபினட் சா 200 கிலோவுக்குக் குறைவது அரிது.

இந்த மெஷின் எல்லாப் பட்டறைக்கும் வேண்டியதும் இல்லை. வேலையில் முக்கால்வாசி பிளைவுட்டும் லேமினேட்டும் என்றால் இதை வாங்காதீர்கள். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று 32 முதல் 37 கிலோ வரை வரும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை 40 கிலோவைத் தொடும். நிற்கிற மேஜையின் மேல் அதைத் தனியாளாகத் தள்ளி, கோணாமல் அறுத்து முடிப்பது வித்தை காட்டுகிற வேலை. அதற்கு ஷீட்டைச் சுமந்துகொண்டு ஓடும் தள்ளுமேஜை உள்ள பேனல் சாதான் சரி. 1906இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் அல்டென்டார்ஃப் உருவாக்கிய வடிவம் அது. லேமினேட்டின் அடிப்பக்கம் செதில் பெயராமல் இருக்க, பெரிய பிளேடுக்கு முன்னால் எதிர்த்திசையில் சுற்றும் 120 மி.மீ. ஸ்கோரிங் பிளேடு அதில் இருக்கும். கேபினட் சாவில் பொதுவாக அது கிடையாது. ஆனால் 3.2 மீட்டர் தள்ளுமேஜைக்கு நீளவாக்கில் ஏறக்குறைய 7 மீட்டர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நிலை, கதவு, ஜன்னல், கட்டில், நாற்காலி என்று மரச்சட்டம் அறுக்கிற பட்டறைக்குத்தான் கேபினட் சா. 8 அடிப் பலகை கிழிப்பதென்றால் பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மேஜை என்று 18, 19 அடி நீளம் காலியாக இருக்கட்டும். 10 அங்குலப் பிளேடு நேராக நிற்கையில் 3 அங்குலம் 1 நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழம் அறுக்கும். 45 பாகையில் சாய்த்தால் 2 அங்குலம் 1 நூல். நம்மூர் நிலைச்சட்டம் 5க்கு 3 என்றால், 3 அங்குலப் பக்கம் ஒரே ஓட்டத்தில் முடியும், 5 அங்குலப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு முறை ஓட்ட வேண்டும். அந்த வேலையே அதிகம் என்றால் 12 அங்குல மெஷின் பாருங்கள். அதிலும் 4 அங்குலம்தான். அதற்கு மேல் கனம் என்றால் நாடா போன்ற பிளேடு ஓடும் பேண்ட் சாவிடம் போவது புத்திசாலித்தனம்.

இன்று பல பட்டறைகளில் மேஜை ரம்பம் என்ற பெயரில் ஓடுவது எது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினைக் கவிழ்த்து, பிளைவுட் மேஜையில் துளை போட்டு, அடியிலிருந்து திருகி மாட்டியிருப்பார்கள். கீழ் மூடியைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும். சுவிட்ச் விசையை டேக் போட்டு இறுக்கியிருக்கும். கட்டை நேராகப் போக அணைத்துத் தள்ளும் கைடு என்பது இரண்டு சி-கிளாம்ப் போட்ட ரீப்பர். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் 4 அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி இப்படிக் கவிழ்த்துவைப்பவர்களும் உண்டு. விலை குறைந்த மாற்று என்று இதை எங்கும் எழுதிவிடாதீர்கள். பின்னால் தகடு இல்லாத, மூடி இல்லாத, எட்டி நிறுத்த சுவிட்ச் இல்லாத பொருள் அது.

அந்தத் தகட்டைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேஜை ரம்பத்தில் பிளேடின் முன்பல் கீழே இறங்குகிறது; கட்டையை மேஜையோடு சேர்த்து அழுத்துகிறது. பின்பல் மேலே ஏறி, உச்சியைத் தாண்டி ஆளை நோக்கி வருகிறது. 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் வினாடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். கட்டையின் ஏதோ ஒரு விளிம்பு அந்தப் பின்பல்லில் பட்டால் போதும். பல் அதைத் தூக்கி, ஆளின் வயிற்றை நோக்கி எறியும். பட்டறையில் இதை ‘உதைக்குது’ என்பார்கள். கட்டை வயிற்றில் படுவது ஒரு ஆபத்து. கட்டையை அழுத்திக்கொண்டிருந்த கை, கட்டை திடீரென விலகியதும் சுற்றுகிற பிளேடின் மேல் விழுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

கட்டை ஏன் பின்பல்லைத் தொடுகிறது? சரியாகக் காயாத மரத்திலும், முறுக்கு விழுந்த மரத்திலும், கிளைக்கு அருகில் எடுத்த பலகையிலும் உள்ளுக்குள் ஒரு இழுவை இருக்கும். நீளவாக்கில் கிழித்ததும் அந்த இழுவை விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொள்ளும். மூடிய வாய் பிளேடைக் கவ்வும். அல்லது கைடு பின்பக்கம் அரை நூல் உள்ளே சாய்ந்திருந்தால் கட்டை போகப் போகப் பிளேடோடு நெருக்கப்படும். அல்லது சிறு துண்டை நறுக்கும்போது, குறுக்கே தள்ளும் மைட்டர் கேஜையும் கைடையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், அறுந்த துண்டு பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் சிக்கித் திரும்பும். நாள் முழுக்க இந்த மூன்றும் நடக்கக்கூடியவை. ஆசாரி எவ்வளவு அனுபவசாலி என்பதை மரம் கேட்பதில்லை.

இதற்குத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற தகடு. பிளேடின் வளைவுக்கு ஏற்ற பிறை வடிவம். பல்லுக்கும் அதற்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ.; உயரம் பிளேடின் உச்சியைவிட ஓரிரு மி.மீ. குறைவு. அறுத்த வாய்க்குள் இந்தத் தகடு நுழைந்து நிற்பதால் வாய் மூட முடியாது, கட்டை பின்பல்லின் பக்கம் சாயவும் முடியாது. பழைய மாடல்களில் ஸ்ப்ளிட்டர் என்று ஒன்று இருக்கும். பிளேடிலிருந்து தள்ளி, ஒரே உயரத்தில் அசையாமல் நிற்கும். காடி (கட்டையை முழுதாக அறுக்காமல் எடுக்கும் பள்ளம்) போட வேண்டுமென்றால் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியது மேஜைக்கு அடியில் தூசியோடு கிடக்கும், திரும்ப ஏறாது. ரிவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்து ஏறும், இறங்கும், சாயும். காடி போடும்போதும் கழற்ற வேண்டியதில்லை. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவார்கள். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிளேடை இறக்கிப் பாருங்கள். தகடு கூடவே இறங்கவில்லை என்றால் அது ஸ்ப்ளிட்டர்.

தகடு இருந்தால் மட்டும் போதாது, கனமும் பொருந்த வேண்டும். அது பிளேடின் உடல் தகட்டைவிடக் கனமாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். உடல் 2.2 மி.மீ., பல் 3.2 மி.மீ. உள்ள பிளேடுக்கு 2.5 முதல் 2.8 மி.மீ. தகடு சரி. மரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று 2.4 மி.மீ. பல் உள்ள மெல்லிய பிளேடை மாட்டினால், அறுத்த வாய்க்குள் 2.8 மி.மீ. தகடு நுழையாது, கட்டை பாதியில் முட்டி நிற்கும். அந்த நேரத்தில் எவரும் பிளேடைக் குறை சொல்வதில்லை, தகட்டைக் கழற்றி எறிகிறார்கள். மெஷினோடு வரும் தகட்டின் கனம் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிளேடு வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் எழுதிய விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்கு ரிவிங் நைஃபும், கையால் தள்ளும் இடத்தில் தள்ளுகோலும் கட்டாயமாக இருந்தன. மின்சாரத்தில் ஓடுகிற, 10 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறைக்குப் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தவில்லை. நம்மூர் மரப்பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கிவிட்டன. காயம் மட்டும் ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று கணக்கு வைத்தது. உளி பிடிக்கிற கையில் கட்டைவிரல் போனால் மீதி 70 விழுக்காட்டை வைத்து என்ன வேலை செய்ய முடியும் என்று ஆசாரிகளைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள்.

கை பட்டதும் நின்றுவிடும் ரம்பம் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் ஸ்டீபன் காஸ் 1999இல் கண்டுபிடித்து, சாஸ்டாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த தொழில்நுட்பம் அது. பிளேடில் ஒரு சிறு மின்குறிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு பட்டால் அந்தக் குறிப்பு மாறும். ஒரு அலுமினியக் கட்டை ஸ்பிரிங் விசையில் பல்லுக்குள் பாயும். 5 மில்லி வினாடிக்குள் பிளேடு நின்று மேஜைக்குள் இறங்கிவிடும். 4,000 சுற்று ஓடும் பிளேடு அந்த நேரத்தில் மூன்றில் ஒரு சுற்றைக்கூடத் தாண்டாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், 2015இல் மட்டும் மேஜை ரம்பக் காயத்தோடு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் 30,000க்கு மேல் என்பதால், அங்கே இது பெரிய விவாதம். அல்டென்டார்ஃப், ஃபெல்டர் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள், கை பிளேடைத் தொடுவதற்கு முன்பே அது மேஜைக்குள் இறங்கிவிடும் அமைப்புகளைத் தங்கள் பேனல் சாவில் தருகின்றன.

கையில் காசு இருந்தால் சாஸ்டாப் வகை வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் சில விஷயங்கள் தெரிந்து வாங்குங்கள். ஒரு முறை பாய்ந்தால் அந்தத் தடைப்பெட்டியும் பிளேடும் பெரும்பாலும் குப்பைக்குத்தான். மாற்றுப் பெட்டி உடனே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஈரம் மிகுந்த பச்சை மரம், மரத்துக்குள் ஆணி, அலுமினியத் தாள் ஒட்டிய லேமினேட் ஆகியவை கை பட்டதாக அதை ஏமாற்றக்கூடும். அவற்றை அறுக்கும்போது அணைத்துவைக்க ஏற்பாடு உண்டு, அணைத்ததைத் திரும்பப் போட மறப்பதும் உண்டு. முக்கியமாக, இந்த அமைப்பு கட்டை உதைப்பதைத் தடுக்காது. அதற்கு ரிவிங் நைஃப்தான்.

இனி, கடையில் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. ஒரு மீட்டர் நேர்விளிம்புச் சட்டம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்த அடியோடு கூடிய ஒரு டயல் கேஜ், மூலைமட்டம், சட்டைப்பையில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரின் பேச்சே மாறிவிடும். நேர்விளிம்பை மேஜையின் மேல் நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று வைத்துப் பாருங்கள். பிளேடைச் சுற்றி 0.1 மி.மீ., விளிம்புகளில் 0.25 மி.மீ. ஃபீலருக்கு மேல் நுழையக்கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளேடை முழுதாக ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மைட்டர் கேஜ் ஓடும் மேஜைப் பள்ளமான மைட்டர் காடியில் ஆட்டமில்லாமல் ஓடும் ஒரு கட்டையின் மேல் டயல் கேஜை நிறுத்தி, புள்ளி வைத்த பல்லை முன்பக்கம் தொடவைத்து முள்ளைச் சுழியத்தில் வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் நகர்த்தித் தொடவையுங்கள். ஒரே பல் என்பதுதான் இதில் சூட்சுமம். வேறு பல்லைத் தொட்டால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.05 மி.மீ. என்றால் அருமை, 0.1 வரை சரி செய்யக்கூடியது. பிளேடை 45 பாகைக்குச் சாய்த்து மறுபடியும் அளவெடுங்கள். நேராக நிற்கையில் சரியாக இருந்து, சாய்த்ததும் அளவு ஓடினால் டிரனியனும் மேஜையும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவில் தகடு வைத்துச் சரிசெய்யலாம். கடைக்காரரே செய்து தரட்டும், அதன் பிறகு பணம்.

பிளேடைக் கழற்றிவிட்டு, அது சாய்ந்து நிற்கும் ஃபிளாஞ்சின் முகத்தில் டயல் கேஜை வைத்து அச்சைச் சுற்றுங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. இது என்ன பெரிய அளவா என்று தோன்றும். ஃபிளாஞ்சின் விட்டம் 65 மி.மீ. என்றால், 254 மி.மீ. பிளேடின் நுனியில் அந்த ஆட்டம் நான்கு மடங்காகப் பெருகி 0.08 ஆகிவிடும். அறுத்த முகத்தில் விழும் வட்ட வட்டக் கீறல்களுக்குப் பலர் பிளேடு மாற்றிப் பார்ப்பார்கள். வினை ஃபிளாஞ்சில் இருக்கும். கடைசியாக, பிளேடை மாட்டி, நாணயத்தை மேஜையில் விளிம்பில் நிறுத்திவைத்து மெஷினைப் போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும்போதும் நாணயம் விழாமல் நின்றால் மோட்டார், பெல்ட், புல்லி மூன்றும் ஒழுங்கு. அணைத்த பிறகு பிளேடு நிற்க எத்தனை வினாடி என்று கைபேசியில் பாருங்கள். ஐரோப்பியத் தரத்தில் 10 வினாடிக்குள் நிற்க வேண்டும். பிரேக் இல்லாத மெஷினில் சத்தம் அடங்கியும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும். துண்டை எடுக்கக் கை போவது அப்போதுதான்.

கைடும் இதே அளவு முக்கியம். பூட்டிய பிறகு பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், அசையக்கூடாது. பத்து முறை திறந்து பூட்டினாலும் பிளேடுக்கு இணையாகவே வந்து நிற்க வேண்டும். பின்பக்கம் முடி அளவு திறந்திருந்தால் குற்றமில்லை, மூடியிருக்கக்கூடாது. அமெரிக்க வகைக் கைடு மேஜையின் முழு நீளத்துக்கும் போகும். பிளைவுட்டுக்கு அது நல்லது. மரச்சட்டம் கிழிக்கும்போது அறுந்த பாதி வெளிப்பக்கம் வளைய இடம் வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றைக் கைடின் முகத்தில் பொருத்தி, பிளேடின் நடுவோடு அது முடியும்படி வைத்தால், அதற்குப் பின்னால் 18 மி.மீ. காலி இடம் கிடைக்கும். ஐரோப்பியக் கைடுகளில் முன்பின் நகர்த்தும் ஏற்பாடே உண்டு. பிளேடு சாய்வதும் கைடுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது இடப்பக்கமாக இருப்பது நல்லது. கைடின் பக்கம் சாயும் மெஷினில் கட்டை பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

மோட்டாருக்கு வருவோம். 10 அங்குலப் பிளேடில் 3 அங்குலத் தேக்கு கிழிக்க 3 குதிரைசக்தி போதும். நாள் முழுக்கக் கிழிப்பதென்றாலும், 12 அங்குலம் என்றாலும் 5. அதற்கு மேல் வாங்கி ஆவது ஒன்றுமில்லை. 3 குதிரைசக்தி சிங்கிள் பேஸில் ஓடினால் 15 ஆம்பியரைத் தொடும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதன் பல மடங்கு இழுக்கும். வீட்டு ப்ளக்கில் செருகுகிற சமாசாரம் இல்லை. த்ரீ பேஸ் இணைப்பு இருந்தால் யோசிக்காமல் த்ரீ பேஸ் மோட்டார், கூடவே ஒரு பேஸ் போனால் மெஷினை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்ட்டர்.

செகண்ட்ஹேண்ட் இறக்குமதி மெஷினில் விழுகிற குழி வேறு. அமெரிக்கா, தைவான், கொரியா மூன்றும் 60 ஹெர்ட்ஸ் நாடுகள், நம்முடையது 50. பெயர்த்தகட்டில் 60 மட்டும் இருந்தால், 3,450 சுற்று மோட்டார் இங்கே 2,850இல் ஓடும். 4,000 சுற்றுப் பிளேடு 3,300க்கு இறங்கும். வேகம் குறைவது ஒரு பக்கம், அதே மின்னழுத்தத்தில் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும். த்ரீ பேஸ் மோட்டாராக இருந்தால் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் வி.எஃப்.டி. போட்டுச் சமாளிக்கலாம். சிங்கிள் பேஸ் என்றால் மோட்டார், புல்லி இரண்டையும் மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மின்தடை நம்மூருக்குப் புதிதில்லை. வெறும் மெயின் சுவிட்சில் ஓடும் ரம்பம், கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் தானாகச் சுற்றத் தொடங்கும். அந்த இடைவெளியில் ஒருவர் பிளேடைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் என்றால் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். கடையில் மெஷின் ஓடும்போதே மெயினை அணைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சிவப்புப் பொத்தான் தொடையால் தட்டி அணைக்கும் உயரத்தில் இருக்கட்டும், இரண்டு கையும் கட்டையில் இருக்கும்.

பிளேடு கிழிக்க 24 பல், குறுக்கே நறுக்க 60 முதல் 80. ஒன்றே போதும் என்பவர்களுக்கு 40 பல் உண்டு, இரண்டு வேலையும் சுமாராகச் செய்யும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கார்பைடு பல்லும் சீக்கிரம் மழுங்கும்; மழுங்கிய பிளேடைத் தள்ளத் தள்ளக் கை அழுத்தம் கூடும், அதுவே விபத்துக்கு வழி. பிளேடின் நடுத்துளை அச்சுக்கு நேராகப் பொருந்தட்டும். 30 மி.மீ. துளைப் பிளேடை 25.4 மி.மீ. அச்சில் வளையம் போட்டு மாட்டினால் அந்த வளையம் தொளதொளப்பது வழக்கம்.

தூசி உறிஞ்சும் வாய் 4 அங்குலம் இருக்கும். குழாயில் காற்று வினாடிக்கு 20 மீட்டராவது ஓடினால்தான் தூள் படியாமல் போகும். 4 அங்குலக் குழாய்க்கு அது மணிக்கு 570 கனமீட்டர். வீட்டு வேக்குவம் கிளீனரால் ஆகாது. உறிஞ்சாமல் விட்டால் பெட்டிக்குள் தூள் குவிந்து பல்சக்கரத்தில் அப்பும். சாய்க்கும் சக்கரம் சுற்றாது. கிரீஸ் தடவினால் இன்னும் அப்பும், மெழுகுதான் தடவ வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. பொதுவாக, ஸ்டார்ட்டர், வயரிங், உறிஞ்சி, இரண்டு பிளேடு ஆகியவற்றுக்கு மெஷின் விலையில் கால் பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதிக்கு மெஷின் தேடுவது நல்லது.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. இப்படிக் கடன் கேட்போர் வங்கியில் கொடுக்கும் விலைப்புள்ளியில் வழக்கமாக ‘மேஜை ரம்பம், 3 எச்.பி., 1 எண்ணம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த வரிக்குக் கவிழ்த்த கட்டரும் பொருந்தும், கேபினட் சாவும் பொருந்தும். பிளேடோடு ஏறி இறங்கும் ரிவிங் நைஃப் உண்டா, அதன் கனம் எவ்வளவு, பிளேடு மூடி, நோ வோல்ட் காயில் ஸ்டார்ட்டர், நிற்கும் நேரம், ஹெர்ட்ஸ் என்று எழுதித் தரச் சொன்னால், எழுதத் தயங்கும் கடையை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். அடுத்த முறை உங்கள் தொழில் பக்கத்தில் மேஜை ரம்பங்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, குதிரைசக்தி என்ற கட்டத்துக்கு முன்னால் ‘ரிவிங் நைஃப்: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரவேலை இயந்திரங்கள் நிறுவுதல், பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்,
கோயம்புத்தூர்.